கை ஓடாத முதல் நாற்பது நிமிடம்: பிளஸ் டூ கணிதத் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு மாணவியின் மூன்று மாதப் பதிவு. அவரையும் பள்ளியையும் அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன. "தேர்வு பயம்" என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மதிப்பெண் எந்த நிமிடத்தில், எந்த வரியில் போனது என்று தேடியபோதுதான் செய்வதற்கு ஏதாவது கிடைத்தது. அதனால் இந்தப் பதிவில் மணிக்கணக்கு அதிகம் வரும்.

பின்னணி

மாணவிக்கு வயது 17. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பிளஸ் டூ, கணிதம், உயிரியல் பிரிவு. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200இல் கணிதம் மட்டும் 100. இயற்பியலும் வேதியியலும் தலா 50. வீட்டில் எந்தப் பேச்சு தொடங்கினாலும் கணிதத்தில் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

வகுப்புத் தேர்வுகளில் அவர் எடுத்தவை 50க்கு 44, 46, 43. ஒரு பாடம் முடிந்ததும் ஒன்றரை மணி நேரத்தில், வழக்கமான பெஞ்சில், வழக்கமான ஆசிரியை முன்னிலையில் எழுதியவை. டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் 90க்கு 52. ஜனவரியில் முதல் திருப்புதல் தேர்வில் 41.

52 வந்தபோது எல்லோரும் செய்தது ஒன்றுதான்: இன்னும் படிக்கச் சொன்னார்கள். டியூஷன் ஒரு மணி நேரம் கூடியது. படுக்கும் நேரம் பதினொன்றரையிலிருந்து ஒன்றரைக்குப் போனது. அதன் பிறகு வந்ததுதான் 41. பாடம் தெரியாமல் மதிப்பெண் குறைந்திருந்தால் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் படித்தவருக்கு அது ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்கக் கூடாது. வகுப்பாசிரியருக்கு இங்கேதான் சந்தேகம் தட்டியது.

விடைத்தாளில் கண்டவை

"ஏன் பயப்படுற?" என்று கேட்டதில் பதில் ஏதும் பெயரவில்லை. "தெரியல மிஸ், எல்லாம் மறந்துபோயிடுது" என்பதோடு நின்றது. திருத்திய விடைத்தாளைக் கையில் கொடுத்து, "இந்த வரி எழுதும்போது மணி என்ன இருக்கும்?" என்று கணித ஆசிரியை கேட்டதும் பேச்சு தானாக வந்தது. ஐம்பது நிமிடத்தில் மூன்று மணி நேரத் தேர்வு முழுவதையும் திரும்பக் கட்டிவிட முடிந்தது.

பிளஸ் டூ கணித வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு. ஒரு மதிப்பெண் வினா 20. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஏழும், பத்து மூன்று மதிப்பெண் வினாக்களில் ஏழும் எழுத வேண்டும். 30ஆம், 40ஆம் வினாக்கள் கட்டாயம். 41 முதல் 47 வரை ஐந்து மதிப்பெண், ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. திருப்புதல் தேர்வும் இதே அமைப்பு, இதே நேரம்: 10 மணிக்கு வினாத்தாள், பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, 10:15 முதல் 1:15 வரை எழுத.

டியூஷனில் சொன்னபடி அவர் ஐந்து மதிப்பெண்ணில் தொடங்கினார். 41ஆம் வினா, காஸ் நீக்கல் முறை: சமன்பாடுகளை அணியாக எழுதி, வரி வரியாகச் சுருக்கித் தீர்ப்பது. விடைத்தாளின் மூன்றாம் பக்கம் இப்படி இருந்தது: முதல் அணியில் இரண்டாம் நிரையின் (கிடை வரிசையின்) கடைசி உறுப்பு கழித்தல் 7. அடுத்த வரிக்கு இறங்கும்போது அது வெறும் 7. அதற்குக் கீழே ஏறுபடி வடிவம் வரை ஒவ்வொரு படியும் முறைப்படி சரி. கடைசியில் விடை அழகில்லாத ஒரு பின்னமாக வந்து நின்றது. 'பின்னம் வந்தால் தப்பு' என்று முடிவுகட்டி, முழுப் பக்கத்தையும் குறுக்கே அடித்துவிட்டு 'அல்லது' வினாவுக்குப் போனார். அதுவும் பாதியில் நின்றது. அதையும் அடித்துவிட்டு, புதிய பக்கத்தில் மீண்டும் முதல் கணக்கு. இம்முறை பேனாவை அழுத்தியிருந்த அழுத்தம் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டுப்பட்டது. வினா எண்ணையும் 41க்குப் பதில் 44 என்று எழுதியிருந்தார்.

அவர் சொன்ன கணக்குப்படி அப்போது மணி 10:55. நாற்பது நிமிடத்தில் கைக்கு வந்தது 2 மதிப்பெண். அடித்த பக்கத்தை அடிக்காமல் விட்டிருந்தால் படிநிலை மதிப்பெண்ணாக 3 கிடைத்திருக்கும் என்றார் திருத்திய ஆசிரியை.

மிச்சமெல்லாம் அந்த நாற்பது நிமிடத்தின் வால். ஒரு மதிப்பெண் வினாக்கள் கடைசி எட்டு நிமிடத்துக்குத் தள்ளப்பட்டு ஆறு வெற்றாக விடப்பட்டன, கிடைத்தது 9. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து எழுதி 8. மூன்று மதிப்பெண்ணில் நான்கு எழுதி 9. கட்டாய வினா 40ஐப் பார்க்கவே இல்லை. ஐந்து மதிப்பெண்ணில் நான்கு எழுதி 15. ஒரு மதிப்பெண் வினாக்களில் அவர் விட்டிருந்த ஆறையும் அந்த அறையிலேயே வாயால் கேட்டபோது ஐந்துக்குச் சரியான விடை சொன்னார்.

தேர்வறைக்கு வெளியே கண்டவை

அன்று திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். பாட்டி ஒன்பது மணி வரை வாசலைத் தாண்ட விடவில்லை. பள்ளிக்குப் பேருந்தில் 35 நிமிடம். உள்ளே நுழைந்தபோது மணி 9:50. காலையில் சாப்பிடவில்லை. தேர்வு நாளில் மட்டும் அம்மா தரும் கெட்டி டிகிரி காபி ஒரு டம்ளர் உள்ளே போயிருந்தது. மற்ற நாளில் அவர் காபியே குடிப்பதில்லை. பழக்கமில்லாத உடம்புக்கு வெறும் வயிற்றில் அந்த அளவு காபி, படபடப்பையும் கை நடுக்கத்தையும் தானே கொண்டுவரும். அதையே அவர் 'பயம் வந்துவிட்டது' என்று படித்துக்கொண்டார். பதினொன்றரைக்குக் கழிப்பறைக்குப் போய் ஏழு நிமிடம் போனதும் இதில் சேர்த்தி.

பேருந்தில் இன்னொன்று. தோழி நோட்டைத் திறந்து, "ஏண்டி, இந்தப் பரவளையக் கணக்கு பாத்தியா? இதுதான் வரும்னு சொல்றாங்க" என்றிருக்கிறார். பார்க்கவில்லை. அங்கிருந்து தேர்வறை வரை அந்த ஒரு கணக்கு மட்டுமே மண்டையில் ஓடியது. வினாத்தாளில் அது வரவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது

காஸ் நீக்கலில் ஒரு வரி இறக்கும்போது மனம் ஒரே நேரத்தில் நாலைந்து பொருளைத் தாங்க வேண்டும்: எந்த நிரை, எதனால் பெருக்கல், எந்தக் குறி, எங்கே எழுத வேண்டும். இந்தத் தற்காலிக நினைவுக்கு இடம் குறைவு. 'இது தப்பாப் போச்சுன்னா' என்ற எண்ணமும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். முதலில் வெளியே தள்ளப்படுவது சின்ன விஷயம், அதாவது கழித்தல் குறி. வாய்ப்பாடு போல ஊறிப்போன முறை தப்பித்துக்கொள்கிறது. மாணவியின் விடைத்தாளில் முறை சரி, குறி தவறு என்றிருந்தது இதனால்தான். 'எல்லாம் மறந்துபோகிறது' என்று அவர் சொன்னது உண்மையில்லை. மறந்தது அந்த ஒரு குறி.

படபடப்பு முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டும் என்று இலக்கு வைக்காததற்கும் காரணம் உண்டு. ஓரளவு பரபரப்பு வேலையைக் கூர்மையாக்கும், அளவு மீறினால் கெடுக்கும் என்று உளவியலாளர்கள் யெர்க்ஸும் டாட்சனும் 1908லேயே எழுதினார்கள். சிக்கலான வேலைக்கு அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். 'பயப்படாதே' என்று சொல்வது இன்னொரு வேலையைச் சுமத்துவதுதான்: கணக்கும் போட வேண்டும், பயம் போய்விட்டதா என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் எடுத்த முடிவு: இது பள்ளியில் பார்க்கக் கூடியதா?

பயிற்சி தொடங்கும் முன் ஆலோசகர் மாணவியிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் கேட்டார். தேர்வு இல்லாத நாளிலும் நெஞ்சு அடைக்கிறதா, வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ குறைந்திருக்கிறதா, பிடித்த விஷயங்களில் ஆர்வம் போய்விட்டதா, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்ததுண்டா. கடைசிக் கேள்வியை நேராகவே கேட்டார். சுற்றி வளைத்தால் பதிலும் சுற்றி வளைத்தே வரும். நான்குக்கும் இல்லை என்றே பதில். ஒன்றுக்கு ஆம் என்று வந்திருந்தாலும் கால அட்டவணை வேலையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புவது என்று முடிவாகியிருந்தது. 104, 14416 ஆகிய இலவச உதவி எண்கள் குடும்பத்திடம் தரப்பட்டன.

பக்கத்து வீட்டார் ஒருவர் படபடப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்றைச் சொல்லியிருந்தார். மருத்துவர் பார்த்து எழுதாத மாத்திரை வேண்டாம் என்று மறுக்கப்பட்டது. ஆஸ்துமா போன்ற தொல்லை இருப்பவர்களுக்கு அந்த வகை மாத்திரைகளில் சில ஆபத்தானவை.

மூன்று மணி நேரத்தைப் பிரித்த விதம்

ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது வரிசையில்தான். ஐந்து மதிப்பெண்ணை முதலில் எழுதினால் மனம் தெளிவாக இருக்கும்போதே பெரிய கணக்கு முடிந்துவிடும் என்பது பழைய வழக்கம். பலருக்கு அது பொருந்தவும் செய்கிறது. இவருக்குப் பொருந்தவில்லை. இவருடைய மிக மோசமான நிமிடங்கள் முதல் நிமிடங்கள். அங்கே பத்து வரிக் கணக்கை வைப்பது மேட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்வது மாதிரி. ஒரு மதிப்பெண்ணில் தொடங்கினால் நாலு விடை சரியாக விழுந்ததும் கை ஓட ஆரம்பித்துவிடும்.

அட்டவணை இப்படி அமைந்தது. ஒரு மதிப்பெண் இருபதுக்கும் 25 நிமிடம், 10:40 வரை. இரண்டு மதிப்பெண் ஏழு, தலா 4 நிமிடம், 11:08 வரை. மூன்று மதிப்பெண் ஏழு, தலா 6 நிமிடம், 11:50 வரை. ஐந்து மதிப்பெண் ஏழு, தலா 10 நிமிடம், 1 மணி வரை. மிச்சம் 15 நிமிடம் சரிபார்க்க. கையில் சாதாரண முள் கடிகாரம். பேனா பிடிக்கும் கையிலேயே கட்டச் சொன்னார்கள், தலையைத் திருப்பாமல் மணி தெரிய.

கூடவே மூன்று விதிகள். அடுத்த வரி இரண்டு நிமிடத்துக்குள் தோன்றாவிட்டால் இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். எதையும் முழுப் பக்கமாக அடிக்கக் கூடாது. தவறான வரியை மட்டும் ஒற்றைக் கோட்டால் அடிக்கலாம், பின்னம் வந்தாலும் விட்டுவிட்டு நகர வேண்டும். படிக்கத் தரும் பத்து நிமிடத்தில் முதலில் பார்க்க வேண்டியவை 30, 40 என்ற இரண்டு கட்டாய வினாக்கள். பிறகு ஐந்து மதிப்பெண் ஒவ்வொன்றிலும் மேலதா கீழதா என்று தேர்வு. வினாத்தாளில் குறியிடக் கூடாது என்பதால் இதை மனத்திலேயே முடிவு செய்யப் பழக வேண்டியிருந்தது.

ஒத்திகைகளும் அவற்றில் சறுக்கியவையும்

பிப்ரவரியில் மூன்று சனிக்கிழமை, காலை 10 முதல் 1:15 வரை முழு ஒத்திகை. மாணவிக்குப் பழக்கமில்லாத கட்டடம், தெரியாத ஆசிரியர் கண்காணிப்பு, ஆட்டம் காணும் ஒரு பெஞ்சு. பெஞ்சு வேண்டுமென்றே போடப்பட்டது; தேர்வு மையத்தில் நல்ல பெஞ்சு கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

முதல் ஒத்திகையில் ஒரு மதிப்பெண் பகுதிக்கே 41 நிமிடம் போனது. ஒவ்வொன்றையும் முழுக் கணக்காகப் போட்டுப் பார்த்துத்தான் விடை எழுதினார். இரண்டு சுற்றாகப் பிரித்தார்கள்: முதல் சுற்றில் ஒரு நிமிடத்துக்குள் விழுபவை மட்டும், மற்றவை கடைசி 15 நிமிடத்தில். இரண்டாம் ஒத்திகையில் புதிய சிக்கல்: விட்ட வினாவுக்கு இடம் விடாமல் எழுதியதால் 9ஆவது விடை 8க்கு நேராக உட்கார்ந்து, அதிலிருந்து நான்கு விடை இடம் மாறிவிட்டன. அதன் பிறகு முதல் வேலையாக 1 முதல் 20 வரை எண்களை வரிசையாக எழுதிவிட்டு, பிறகு குறியீட்டையும் விடையையும் சேர்த்து நிரப்பும் பழக்கம் வந்தது. எண் எழுதும் அந்த அரை நிமிடம் கையைத் தளர்த்தவும் உதவியது. இதை யாரும் திட்டமிடவில்லை.

மூச்சுப் பயிற்சியிலும் தவறு நடந்தது. "நல்லா ஆழமா இழு" என்று சொல்லிக்கொடுத்ததில், முதல் ஒத்திகையில் வேகவேகமாக இழுத்து விட்டுத் தலை சுற்றி, விரல் நுனி மரத்துப்போனது. அதிகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து வரும் விளைவு இது. பயத்தின் அறிகுறியை அப்படியே நகலெடுக்கும். முறை மாற்றப்பட்டது: வாய் மூடி மூக்கால் சாதாரண அளவில் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. ஆறு முறை, மொத்தம் ஒரு நிமிடம். கவனம் விடுவதில்தான், நீண்டு விடும் மூச்சுதான் நாடித்துடிப்பை இறக்கும்.

அமைதியான அறையில் இது கைவந்தது. தேர்வறையில் செய்ய மறந்துபோனார். 'பதற்றம் வரும்போது செய்' என்றால் பதற்றத்தில் அது நினைவுக்கு வராது. அதனால் அதை மூன்று செயல்களோடு கட்டினார்கள்: முகப்புத்தாளில் கையொப்பம் போட்டதும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும், கூடுதல் விடைத்தாள் கேட்டுக் கை தூக்கியதும். மூன்றாம் ஒத்திகையில் யாரும் சொல்லாமல் மூன்று இடத்திலும் செய்தார். அன்று 90க்கு 71.

இன்னொரு கருவி, கவலையை எழுதித் தள்ளுவது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராமிரெஸும் பைலாக்கும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் கவலைகளை எழுதிய மாணவர்கள், அதிலும் பதற்றம் மிகுந்தவர்கள், மேலான மதிப்பெண் எடுத்தார்கள். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. செலவு ஒரு காகிதம் என்பதால் முயன்று பார்க்கப்பட்டது. முதல் முறை அவர் எழுதியது இரண்டே வரி. மூன்றாம் முறை ஒரு பக்கம் நிறைந்தது. யாரும் படிக்கக் கூடாது, எழுதியதும் கிழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

வீட்டில் மாற்றியவை

தூக்கம் ஒரே நாளில் மாறாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இருபது நிமிடம் முன்னதாகப் படுத்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒன்றரை மணி பத்தரைக்கு வந்தது. காபி நின்றது. ஒத்திகை நாட்களில் மூன்று இட்லி, காரமில்லாத சட்னி, 7 மணிக்குள். தேர்வு நாளுக்கும் அதுவே. தேர்வறையில் தண்ணீர் இரண்டு மடக்காகக் குடிப்பது.

ராகு காலத்தை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பொதுத் தேர்வில் கணிதம் வந்ததும் ஒரு திங்கட்கிழமைதான். "ஏழரைக்கு முன்னாடியே கிளப்பிடலாமே பாட்டி" என்று ஆசிரியை சொன்னதும் பாட்டிக்கே திருப்தி. இந்த முயற்சியில் சிரமமில்லாமல் நிறைவேறிய ஏற்பாடு இது ஒன்றுதான்.

அப்பாவிடம் கேட்டது கொஞ்சம் கடினமானது. வாசலில் நின்று "எப்படி எழுதின?" என்று கேட்கக் கூடாது, கணிதத்துக்குப் பிறகும் தேர்வு இருக்கிறது. தவறினாலும் துணைத் தேர்வு உண்டு, ஒரு வருடம் வீணாகாது என்பதை ஒருமுறை, ஒரே ஒருமுறை, மகளிடம் சொல்ல வேண்டும். அவர் அதை மனமில்லாமல்தான் சொன்னார் என்று அம்மா பிறகு சொன்னார். சொன்னதே போதுமானதாக இருந்தது.

தேர்வு நாள்

முந்தைய இரவு பத்தரைக்குப் படுத்தும் பன்னிரண்டரைக்குத்தான் தூக்கம் வந்தது. இப்படி ஆகலாம், வாரம் முழுவதும் நன்றாகத் தூங்கியவருக்கு ஒரு இரவு குறைந்தால் பெரிய நஷ்டமில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் எழுந்து உட்கார்ந்து நோட்டைத் திறக்கவில்லை. ஹால் டிக்கெட், ஒரே வகைப் பேனா மூன்று, பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் ஞாயிறு மாலையே பையில்.

7:20க்குக் கிளம்பினார். தேர்வு மையம் 9 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளி. வழக்கமான பேருந்து வரவில்லை. அடுத்ததில் ஏறி 8:35க்குச் சேர்ந்தார். பழைய முறைப்படி ஒன்பதுக்குக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தோழிகள் கூட்டத்திலிருந்து விலகி, சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து 9:20 முதல் 9:30 வரை எழுதிக் கிழித்தார்.

10:06க்கு முதல் சறுக்கல். கட்டாய வினா 40 புரியவில்லை. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது என்றார். கையில் பேனா இல்லாத நேரம் அது. கையொப்பம் 10:10க்கு மேல்தான். அந்த நான்கு நிமிடத்துக்கு ஒத்திகையில் எதுவும் பழக்கப்படவில்லை. அவராகவே 41 முதல் தெரிந்த கணக்குகளை விரல் விட்டு எண்ணியிருக்கிறார்: ஏழில் ஆறு. கையொப்பம் போட்டதும் ஆறு மூச்சு. 10:15க்கு 1 முதல் 20 வரை எண் எழுதத் தொடங்கினார்.

ஒரு மதிப்பெண் முதல் சுற்று 10:37க்கு முடிந்தது, பதினாறு விடைகளோடு. இரண்டு மதிப்பெண் 11:06. மூன்று மதிப்பெண்ணில் 40க்கு அரைப் பக்கம் விட்டு நகர்ந்தார். 12:10க்கு ஐந்து மதிப்பெண்ணில் வெக்டர் நிறுவல் ஒன்றில் நடுவழியில் நின்றுபோனது. இரண்டு நிமிட விதியை மீறி ஆறு நிமிடம் அங்கேயே இருந்தார். 'அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச கணக்கு மிஸ்' என்பதுதான் காரணம். கூடுதல் விடைத்தாளுக்குக் கை தூக்கியபோது மூச்சு நினைவுக்கு வந்து, இடம் விட்டு நகர்ந்தார். 1:04க்குத் திரும்பி வந்து 40க்கு இரண்டு படி எழுதினார். வெக்டர் நிறுவலுக்குத் திரும்ப நேரமில்லை.

விளைவு

எழுத்துத் தேர்வில் 90க்கு 74, அகமதிப்பீடு 10, ஆக 84. குடும்பம் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தது, கூட்டல் தவறு தேடி அல்ல, கற்றுக்கொள்ள. ஒரு மதிப்பெண்ணில் 18, இரண்டில் 13, மூன்றில் 16, ஐந்தில் 27. முழுப் பக்கமாக அடித்தது எங்கும் இல்லை. குறித் தவறு இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டிலும் படிநிலை மதிப்பெண் வந்திருக்கிறது.

வகுப்புத் தேர்வு விகிதப்படி பார்த்தால் 80 எடுக்கக் கூடியவர். எனவே முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. இயற்பியல் இன்னும் தெளிவான தோல்வி: கணித அட்டவணையையே மனத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அங்கே மொத்தம் 70 மதிப்பெண்தான். எழுத வேண்டியவை ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. விளக்கி எழுதும் விடைகளும் படங்களும் அதிகம். ஐந்து மதிப்பெண்ணுக்குப் பத்து நிமிடம் போதாமல், கடைசி வினாவைப் படமில்லாமல் முடித்தார். கணிதத்துக்கு மட்டும் ஒத்திகை வைத்தது பள்ளியின் தவறு, மாணவியுடையது அல்ல.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

10:00 முதல் 10:10 வரையான பத்து நிமிடத்துக்கும் கைக்கு ஒரு வேலை தர வேண்டும். தெரிந்த வினாக்களை விரலில் எண்ணுவது மாணவி கண்டுபிடித்தது. இனி ஒத்திகையிலேயே சேர்க்கலாம். கட்டாய வினாக்களை முதலில் படிக்கச் சொன்னதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். தெரியாததை முதலில் காட்டி மிரட்டிவிட்டோம். தெரிந்த ஐந்து மதிப்பெண்களை முதலில், கட்டாய வினாக்களை எட்டாவது நிமிடத்தில் என்பது பொருத்தமான வரிசையாகத் தோன்றுகிறது.

இரண்டு நிமிட விதியை உடைப்பது தெரியாத கணக்கு அல்ல, நன்றாகத் தெரிந்த கணக்குதான். தெரியாததை விட்டுப் போவது எளிது. தெரிந்தது வராதபோதுதான் விட மனம் வராது. எனவே ஒத்திகை வினாத்தாளில் மாணவருக்கு மிகவும் பழகிய ஒரு கணக்கை நடுவில் நிறுத்தச் சொல்லி, நகரும் பழக்கத்தை அங்கேயே ஏற்ற வேண்டும்.

ஒத்திகை பிப்ரவரியில் தொடங்கியது தாமதம். அரையாண்டில் 52 வந்தபோதே விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தால் ஜனவரியின் 41 வந்திருக்காது, தூக்கமும் கெட்டிருக்காது. அந்தப் பள்ளியில் இப்போது அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளில் ஒவ்வொரு பகுதியும் முடியும் இடத்தில் ஓரத்தில் மணியைக் குறிக்கச் சொல்கிறார்கள்; பொதுத் தேர்வில் அப்படி எழுதக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். திருத்தும் ஆசிரியை மதிப்பெண்ணைக் கூட்டும் முன் அந்த மணிகளைப் பார்க்கிறார்.